கோடை விடுமுறையில் கேன்வாஸிங் வேலை: முதல் கதவைத் தட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மே மாதத்தில் அமெரிக்கக் கல்லூரிகள் மூடியதும், சுற்றுச்சூழலுக்காகக் கோடை வேலை என்ற சுவரொட்டிகளை வளாகங்களில் பார்க்கலாம். வேலையின் பெயர் கேன்வாஸிங். பிற்பகலில் அலுவலகத்தில் கூடி, காரில் ஏதாவது ஒரு குடியிருப்புப் பகுதிக்குப் போய், மாலை நான்கு மணி முதல் எட்டு, ஒன்பது வரை வீடு வீடாகப் பேசி, கையெழுத்தும் நன்கொடையும் திரட்டுவது. கூச்சம் உள்ளவர்களுக்கும் இது வரும். ஆனால் எதையும் தயார் செய்யாமல் போனால் யாருக்கும் வராது.

ஒரு நிஜமான பிரச்சாரத்தை வைத்தே விளக்குவோம்: மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாட்டில் டெபாசிட் சட்டத்தை (பானம் வாங்கும்போது பாட்டிலுக்குச் சிறு தொகை வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் சட்டம்) விரிவாக்கக் கேட்பது.

படி 1: சேரும் முன் கேட்க வேண்டியவை

எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர்கள் அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே சம்பள வேலை செய்யக் கூடாது. "கோடைதானே, இரண்டு மாதம்தானே" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். விசா நிலையே போய்விடும். முதலில் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது சம்பளம். கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலர்தான், மாசசூசெட்ஸில் 2023 முதல் 15 டாலர். நேர்காணலில் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். மணிக்கு உறுதியான தொகை எவ்வளவு? பயிற்சி நாளுக்கும் கார்ப் பயண நேரத்துக்கும் சம்பளம் உண்டா? ஒரு நாளைக்கு எவ்வளவு நன்கொடை திரட்ட வேண்டும்? அதை எட்டாவிட்டால் எத்தனை நாளில் வேலை போகும்? பல அலுவலகங்கள் முதல் சில நாட்களுக்குள் அந்த இலக்கைத் தொடச் சொல்கின்றன. பதில் எழுத்தில் கிடைக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

நன்கொடை எந்த வகை அமைப்புக்குப் போகிறது என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரும் அற அமைப்புக்குக் கொடுத்தால் கொடுப்பவருக்கு வரிவிலக்கு கிடைக்கும். 501(சி)(4) பிரிவில் வரும், சட்டங்களுக்காகப் பிரச்சாரம் செய்யும் அமைப்புக்குக் கொடுத்தால் கிடையாது. வாசலில் இதைத் தவறாகச் சொன்னால் அது பொய் சொல்லிப் பணம் வாங்கியதாகிவிடும்.

படி 2: பை

கிளிப்போர்டு ஒன்று, பேனா மூன்று (ஒன்று தொலையும், ஒன்றில் மை தீரும்), தெரு வரைபடம், வீட்டு எண் குறிக்கும் தாள், அடையாள அட்டை, காசோலைகளுக்கு உறை. குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர், கையில் எடுத்துச் சாப்பிடக்கூடிய உணவு, வெயில் தொப்பி, மடித்து வைக்கக்கூடிய மழைச் சட்டை, கைப்பேசிக்கு பவர் பேங்க். காலணி பழகியதாக இருக்கட்டும்; புதுக் காலணியோடு முதல் நாள் போனால் ஏழு மணிக்கே குதிகால் கொப்பளித்துவிடும். மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் புல்வெளி ஓரங்களில் லைம் நோய் பரப்பும் உண்ணிகள் உண்டு. புல்லை மிதித்துக் குறுக்கே போகாமல் நடைபாதையிலேயே போனால் உண்ணியும் ஏறாது, வீட்டுக்காரரும் முகம் சுளிக்க மாட்டார்.

படி 3: சட்டம் எந்தப் பக்கம்

யாராவது "இங்கே வரக் கூடாது, போலீஸைக் கூப்பிடுவேன்" என்பார்கள். பதறாமல் இருக்க இரண்டு தீர்ப்புகளைத் தெரிந்து வைத்திருங்கள். 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீடு வீடாக நன்கொடை கேட்பதும் பேச்சுரிமையின் பாதுகாப்புக்குள் வரும் என்று சொல்லி, இல்லினாயின் ஷாம்பர்க் கிராமத்தின் விதியை ரத்து செய்தது. திரட்டும் பணத்தில் 75 சதவீதமாவது அறப்பணிக்கே போக வேண்டும் என்றது அந்த விதி. எதிர்த்து வழக்காடியது ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு. 2002இல் ஒஹாயோவின் ஸ்ட்ராட்டன் கிராமம், கதவு தட்டிக் கருத்துச் சொல்லவே முன் அனுமதி வேண்டும் என்று வைத்த விதியும் அதே நீதிமன்றத்தில் செல்லாமல் போனது.

இதற்காகத் தெருவில் நின்று வாதாட வேண்டாம். பணம் திரட்டுவோர் பதிவு செய்ய வேண்டும், இத்தனை மணிக்கு மேல் தட்டக் கூடாது என்று ஊர்கள் விதி வைக்கலாம். அந்த ஊரின் நேர வரம்பைக் கிளம்பும் முன் களப் பொறுப்பாளரிடம் கேளுங்கள், உங்கள் அலுவலகம் ஊர் நிர்வாகத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் ஒன்றைப் பையில் வையுங்கள். "நோ சொலிசிட்டிங்" (எதுவும் விற்கவோ கேட்கவோ வராதீர்கள்) என்ற பலகை உள்ள வீட்டைத் தட்டாதீர்கள். ஆள் இல்லாத வீட்டின் அஞ்சல் பெட்டியில் துண்டறிக்கையைப் போடவே கூடாது. தபால்தலை இல்லாத எதையும் அதில் போடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

படி 4: பேச்சு

அலுவலகத்தில் இதை "ராப்" என்பார்கள். எழுதிக் கொடுப்பார்கள், மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். வரிக்கு வரி மனப்பாடம் செய்யுங்கள். சொந்த வார்த்தைகளில் பேசினால் இயல்பாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் பத்தாவது கதவில் களைப்பு வரும்போது சொந்த வார்த்தைகள் நீண்டு வழவழவென்று போகும். மனப்பாடம் முடிந்த பிறகுதான் கண் தாளை விட்டு எதிரே நிற்பவரின் முகத்துக்குப் போகும்.

மொத்தம் ஒரு நிமிடத்துக்குள் நான்கு துண்டுகள்: யார் நான், என்ன பிரச்சினை, என்ன தீர்வு, உங்களிடம் என்ன கேட்கிறேன். பாட்டில் சட்டத்துக்கு அது ஏறத்தாழ இப்படி அமையும் (வாசலில் பேசுவது ஆங்கிலத்தில்தான்):

"வணக்கம், என் பெயர் இன்னது. பாட்டில் சட்டத்துக்காக இன்று உங்கள் தெருவில் எல்லாரிடமும் பேசுகிறோம். நம் மாநிலத்தில் 1983 முதல் சோடா, பியர் பாட்டில்களுக்கு ஐந்து சென்ட் டெபாசிட் இருக்கிறது. தண்ணீர் பாட்டிலுக்கு இல்லை. அதனால்தான் சாக்கடை ஓரங்களில் அவை கிடக்கின்றன. மிச்சிகனில் பத்து சென்ட். கனெக்டிகட்டும் 2024இல் பத்துக்கு உயர்த்திவிட்டது. இங்கேயும் தண்ணீர் பாட்டிலைச் சேர்த்து, தொகையையும் உயர்த்தக் கேட்கிறோம். இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்."

இதில் பூமி வெப்பமாதல், கடல் ஆமை, பேரப்பிள்ளைகளின் எதிர்காலம் எதுவும் இல்லை. புதிதாக வருபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்: தெரிந்ததையெல்லாம் சொல்லத் துடிக்கிறார்கள். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து நிற்பவருக்கு ஒரு பாட்டில், ஒரு தொகை, ஒரு கோரிக்கை போதும். பெரிய ஆபத்தைப் பற்றிக் கேட்டவர் தலையசைத்துக் கதவை மூடுவார். ஐந்து சென்ட்டைப் பற்றிக் கேட்டவருக்குத் தான் செய்யக்கூடியது ஒன்று கண்ணில் படும். எண்களைக் கிளம்பும் முன் சரிபாருங்கள். மசோதா இப்போது எந்தச் சட்டமன்றக் குழுவில் இருக்கிறது என்பது வாரத்துக்கு வாரம் மாறும், சென்ற மாதத் தாளை நம்பிப் பேசாதீர்கள்.

படி 5: வாசலில்

மணியை அடித்ததும் இரண்டு மூன்று அடி பின்வாங்கி, சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். இந்தப் பக்க வீடுகளில் வெளிப்புறமாகத் திறக்கும் புயல் கதவு ஒன்று முன்னால் இருக்கும். அருகில் நின்றால் அது உங்கள் மேல் மோதும், திறப்பவரும் மிரள்வார். கேமரா மணி என்றால் அதைப் பார்த்தே பெயரையும் அமைப்பையும் சொல்லுங்கள்.

"ஒரு நிமிடம் இருக்கிறதா?" என்று ஆரம்பிக்காதீர்கள். இல்லை என்ற பதிலை நீங்களே எடுத்துக் கொடுத்தது போலாகும். கோரிக்கையைச் சொல்லி முடிக்கும் அதே நொடியில் கிளிப்போர்டை, பேனா அவர் பக்கம் இருக்குமாறு நீட்டுங்கள். பெரும்பாலானோர் வாங்கிக்கொள்வார்கள்.

கையெழுத்து முடிந்ததும் பணம். தொகையை எண்ணாகச் சொல்லுங்கள்: "இந்தத் தெருவில் மாதம் இருபது டாலர் கொடுத்து உறுப்பினராகச் சொல்லிக் கேட்கிறோம். நீங்களும் சேர்கிறீர்களா?" சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த வேலையில் மிகக் கடினமானது அந்த மௌனம்தான். நான்கைந்து நொடி அமைதியில் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். "முடிந்தால்தான், கட்டாயமில்லை" என்று நீங்கள் குறுக்கே பேசினால் அந்தக் கணக்கை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். மறுத்தால் ஒரு படி இறங்கி ஒருமுறைத் தொகையைக் கேளுங்கள், பிறகு இன்னும் சிறியதை. மூன்றாவது முறையும் மறுத்தால் நன்றி சொல்லி நகருங்கள். அதற்கு மேல் கேட்பது நச்சரிப்பு. அந்தத் தெருவுக்கு அடுத்த ஆண்டு போகிறவரின் பிழைப்பையும் அது கெடுக்கும்.

அடிக்கடி வரும் மறுப்புகள்:

"எங்கள் வீட்டில் மறுசுழற்சித் தொட்டி இருக்கிறதே." நல்லது என்று ஒப்புக்கொள்ளுங்கள். பூங்காவிலும் காரிலும் குடித்துவிட்டு எறியும் பாட்டில் அந்தத் தொட்டிக்கு வருவதில்லை என்று சொல்லுங்கள்.

"இது இன்னொரு வரி." டெபாசிட் என்பதால் பாட்டிலைக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். ஆனால் யாரும் திரும்பப் பெறாத தொகை மாநில அரசுக்குப் போகிறது என்பதையும் அறிந்திருங்கள். கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

"இதற்கு ஏற்கெனவே வாக்களித்துத் தோற்கடித்தோமே." உண்மை. 2014 பொது வாக்கெடுப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எதிர்த்தார்கள். மறுக்காதீர்கள். அதன் பிறகு ஆரிகன் 2017இல் பத்து சென்ட்டுக்கு உயர்த்தியதையும் கனெக்டிகட்டையும் சொல்லி, மீண்டும் யோசிக்கச் சொல்லுங்கள்.

"உனக்குச் சம்பளம் தருகிறார்களா?" ஆம் என்று சொல்லுங்கள். உழைப்புக்குக் கூலி வாங்குவதில் வெட்கம் இல்லை.

வாதம் செய்ய விரும்புபவரையும், பொழுதுபோகாமல் பேச விரும்பும் அன்பானவரையும் ஒன்றாகவே நடத்த வேண்டும்: இரண்டு மூன்று நிமிடத்தில் விடைபெறுங்கள். இரண்டாமவரிடம் கால் மணி நேரம் போவது தெரியாது. அந்த நேரத்தில் ஐந்தாறு கதவுகள் போயிருக்கும்.

படி 6: தெருவை நடப்பது

உங்களுக்குத் தரும் பகுதிக்கு "டர்ஃப்" என்று பெயர். தெருவின் ஒரு பக்கம் முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் திரும்புங்கள். அங்கும் இங்கும் கடந்தால் எண்கள் குழம்பும், கால் வலிக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் உடனே குறியுங்கள்: ஆள் இல்லை, மறுத்தார், கையெழுத்து மட்டும், நன்கொடை, திரும்ப வரச் சொன்னார். நினைவில் வைத்துப் பிறகு எழுதலாம் என்று விட்டால் ஏழு வீட்டில் குழம்பிவிடும். நான்கு மணிக்கு ஆள் இல்லாத வீடுகளை ஆறரைக்குப் பிறகு மறுபடி தட்டுங்கள். வேலை முடிந்து திரும்பியிருப்பார்கள், நன்கொடையில் பெரும்பகுதி அந்த நேரத்தில்தான் வரும். அதனால் உணவு இடைவேளையை ஐந்தரைக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

பாஸ்டன் வட்டாரத்தின் சோமர்வில், டார்செஸ்டர் பகுதிகளில் மூன்று அடுக்கு மர வீடுகள் நிறைய. ஒரு வாசலில் மூன்று மணிகள். மூன்றையும் தனித்தனி வீடாகக் குறியுங்கள். ஒன்றை அடித்துக் கொஞ்சம் காத்திருந்து அடுத்ததை அடியுங்கள். ஒரே நேரத்தில் மூவரும் இறங்கி வந்தால் யாரிடமும் பேச முடியாது.

வீட்டைப் பார்த்து மதிப்பிட்டு எதையும் தாண்டிப் போகாதீர்கள். சுண்ணாம்பு உரிந்த வீட்டில் காசோலை கிடைக்கும், பெரிய கார் நிற்கும் வீட்டில் கதவே திறக்காது.

பாதுகாப்புக்கு விதிகள் சில, விலக்கு இல்லாதவை. யார் அழைத்தாலும் வீட்டுக்குள் போகாதீர்கள், தண்ணீர் கொடுத்தாலும் வாசலில் நின்றே குடியுங்கள். வேலிக் கதவைத் திறக்கும் முன் அதை ஆட்டிச் சத்தம் எழுப்புங்கள். நாய் இருந்தால் வெளியே தெரிந்துவிடும். இடி கேட்டால் உடனே பொறுப்பாளருக்குச் சொல்லிக் காருக்கோ கட்டடத்துக்கோ போங்கள். பாஸ்டனில் ஜூன் கடைசியில் சூரியன் மறைய எட்டரை ஆகும், ஆகஸ்ட் கடைசியில் ஏழரைக்கு முன்பே மறையும். இருட்டிய பிறகு கதவு திறப்போர் குறைவு, பயப்படுவோர் அதிகம். ஆகஸ்டில் முதல் சுற்றை வேகமாக முடியுங்கள்.

படி 7: பணத்தை ஒப்படைப்பது

காசோலை அமைப்பின் பெயருக்கு மட்டுமே எழுதப்பட வேண்டும். வாங்கும்போதே தேதி, தொகை, கையொப்பம் மூன்றையும் பாருங்கள். கையெழுத்தில்லாத காசோலை அன்றைய கணக்கில் சேராது, அதற்காக மறுநாள் அதே வீட்டுக்குப் போக வேண்டிவரும். ரொக்கம் வாங்கினால் அவர் முன்னாலேயே எண்ணி, ரசீது கொடுத்து, உறையில் போடுங்கள். உங்கள் சட்டைப்பைக்குள் ஒரு நொடிகூடப் போக வேண்டாம். கடன் அட்டை எண்ணைத் தாளிலோ கைப்பேசியிலோ தனியாகக் குறித்து வைக்காதீர்கள், அமைப்பின் படிவத்திலோ கருவியிலோ மட்டும் பதியுங்கள்.

அலுவலகம் திரும்பியதும் தாளும் உறையும் பொருந்துகின்றனவா என்று பொறுப்பாளரோடு உட்கார்ந்து சரிபார்த்து, இருவரும் கையொப்பமிடுங்கள். திரும்ப வரச் சொன்ன வீடுகளின் எண், பெயர், சொன்ன நேரம் மூன்றையும் அந்த இரவே தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மறுநாள் அந்தத் தெருவுக்கு வேறொருவர் போகக்கூடும்.