கீழக்கரையில் இருந்தபடியே நாவலைச் சொந்தமாக வெளியிட

ஐ.டி. வேலையில் இருந்துகொண்டே எழுதுபவரானால், முதல் அத்தியாயத்துக்கு முன்னால் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஐ.டி. கம்பெனி ஒப்பந்தங்கள் பலவற்றில் அறிவுசார் சொத்து, பக்கத்தொழில் என்று இரண்டு பிரிவுகள் இருக்கும். நாவல் எழுதுவதை மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, வரும் பதிலைச் சொந்தக் கணக்கில் பத்திரப்படுத்துங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரிகூட அடிக்கக் கூடாது.

பிரதியை மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்பாக, அத்தியாயத்துக்கு ஒன்றாக, வரிக்கு ஒரு வாக்கியமாக எழுதினால், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் எந்த வாக்கியம் மாறியது என்று தெளிவாகத் தெரியும். பத்தி முழுவதும் ஒரே வரியாக இருந்தால் ஒரு காற்புள்ளி மாறினாலும் பத்தியே மாறியதாகக் காட்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்சாரம் போகும் நாளில் நெட்டும் சேர்ந்து போகலாம். எனவே கூகுள் டாக்ஸை மட்டும் நம்ப வேண்டாம். கோப்பு வடிவம் மாற்றும் பேண்டாக் மென்பொருள் மூலம் இதே கோப்புகளிலிருந்து ஈபப் என்ற மின்னூல் கோப்பு எடுக்கலாம்.

அதிகம் சறுக்குவது எழுத்துருவில்தான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பக்கங்களை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும்போது ‘ர்’ வரவேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் வந்து உட்காரும். திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும், தேடினால் சிக்காது. கால், புள்ளி இரண்டும் அடுத்தடுத்து வரும் இடங்களைத் தேடி ‘ர்’ ஆக மாற்றுங்கள். ‘ொ’ ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரிந்தும் இருக்கலாம். முழுக் கோப்பையும் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோடு சீர்வடிவத்துக்குக் கொண்டுவந்தால் ஒன்றாகிவிடும். பக்க வடிவமைப்பை இன்டிசைன் மென்பொருளில் செய்பவரிடம் வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர் என்ற அமைப்பைப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். போடாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

மெய்ப்புப் பார்ப்பவருக்கு நம் கடற்கரைச் சொற்களின் பட்டியல் ஒன்று கொடுங்கள்: படகுக்கு வல்லம், காற்றுகளுக்குக் கச்சான், கொண்டல், சோழகம். வெளியூர்க்காரர் இவற்றைப் பிழை என்று ‘திருத்தி’விடுவார். தகவலையும் சரிபாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மே மாதக் காட்சியில் பாம்பனிலிருந்து விசைப்படகு கடலுக்குப் போனால் ஊர்க்காரர் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவார்.

அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூல் போடலாம், ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான தனி அடையாள எண்) தேவையில்லை. அட்டைப்படம் 2560 பிக்சல் உயரம், 1600 அகலம். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கியும் தலைப்பு படிக்க முடிகிறதா பாருங்கள். வரி விவரப் பக்கத்தில் பான் எண்ணைக் கொடுத்தால் அமெரிக்க விற்பனைக்கான பிடித்தம் 30 சதவீதத்திலிருந்து 15 ஆகும். இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் கிண்டில் செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் அந்த மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் வலைப்பூவில் தொடராக வந்த அத்தியாயங்கள் உட்பட. அச்சுப் பிரதிக்கு இந்தத் தடை இல்லை. 90 நாள் முடிந்தால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் முன்கூட்டியே டிக்கை எடுத்துவிடுங்கள்.

அச்சுக்கு ஐஎஸ்பிஎன் வாங்கிக்கொள்ளுங்கள். ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. ஐம்பதாயிரம் சொல் நாவல் டெமி என்ற நூல் அளவில், 11 பாயிண்ட் எழுத்தில், ஏறத்தாழ 250 பக்கம் வரும். சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு பாரம் என்பதால் 256 பக்கத்தில் முடித்தால் வெற்றுத்தாள் வீணாகாது. முதுகு அகலத்தை உத்தேசமாகப் போட்டு அட்டை செய்யாதீர்கள். அச்சகத்தாரிடம் அதே தாளில் 50 வாங்கி, அடுக்கி, ஸ்கேலால் அளந்து, 128 தாளுக்குக் கணக்குப் போடுங்கள். முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு வழிவது இந்த இடத்தில்தான்.

முதலில் 50 பிரதி, டிஜிட்டல் அச்சில், போதும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் சென்னையின் கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்கு உங்கள் செலவில் ஒவ்வொரு பிரதி போக வேண்டும். அதையும் சேர்த்து எண்ணுங்கள். அச்சான பிரதிகளை ஐப்பசி, கார்த்திகையில் வரவழைக்காதீர்கள். ஈரக்காற்றில் அட்டையின் உள்பக்கம் நீர் இழுத்து விரியும், லேமினேஷன் பக்கம் விரியாது, அட்டை வெளிப்புறமாகச் சுருளும். பனையோலைப் பெட்டியில் கருவாடு தாங்கும், புத்தகம் தாங்காது. பாலித்தீன் உறையோடு, மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, முதுகுப் பக்கத்தை மாற்றி மாற்றிப் படுக்கையாக அடுக்குங்கள்.