ஓ.எஸ்.எல்.டி. சில்லுகளை நம்பும் முன் சோதிப்பது எப்படி?

கதிர்வீச்சு சிகிச்சையில் நோயாளியின் தோல்மேல் ஒட்டி டோஸை (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவை) சரிபார்க்க நான் முதலில் எடுப்பது ஓ.எஸ்.எல்.டி. தான். பட்ட கதிர்வீச்சைச் சேமித்து வைத்து, ரீடரில் ஒளி பாய்ச்சும்போது அதற்கேற்ப ஒளிரும் சிறு சில்லு அது. டையோடு போல வயர் தொங்காது, டி.எல்.டி. (சூடாக்கிப் படிக்கும் சில்லு) போல 400 டிகிரியில் சுட்டெடுக்கவும் வேண்டாம். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் நம்பிவிடாதீர்கள். லினாக் (கதிர்வீச்சு தரும் இயந்திரம்), ஃபாண்டம் (உடலுக்குப் பதிலாக வைக்கும் மாதிரி) எல்லாம் உங்களுக்குப் பழக்கம்தானே, நேராக வேலைக்கு வருகிறேன்.

1. அளவுத்திருத்தச் சான்றுள்ள 0.6 சிசி ஃபார்மர் சேம்பரை (டோஸ் அளக்கும் காற்றறைக் கருவி) 6 எம்.வி. (மெகாவோல்ட்) பீமில், 10×10 செ.மீ. புலத்தில், ஃபாண்டத்துக்குள் 10 செ.மீ. ஆழத்தில் வைத்து டோஸை அளந்துகொள்ளுங்கள்.

2. அதே ஆழத்தில் சில்லுகளை வைத்து அதே டோஸைக் கொடுங்கள். காற்று இடைவெளி விடாதீர்கள். ஒரே டோஸுக்கு எல்லாச் சில்லும் ஒரே எண்ணைக் காட்டாது. ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தக் காரணி எழுதி வையுங்கள்.

3. காத்திருங்கள். நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். பீம் நின்றதும் ஓடிப்போய் ரீடரில் செருகுவேன். எண் ஏறியே நிற்கும். லினாக்கைச் சந்தேகித்தேன், சேம்பரைச் சந்தேகித்தேன், ஒரு மாலைப்பொழுதே போனது. சில்லின் படிகத்தில் உள்ள ஆழமற்ற பொறிகளில் (எலக்ட்ரானைப் பிடித்து வைக்கும் இடங்களில்) சிக்கிய எலக்ட்ரான்கள் முதல் சில நிமிடங்களில் தாமாகவே வெளியேறும். அந்தச் சிக்னலையும் சேர்த்துப் படித்திருக்கிறேன். குறைந்தது 10 நிமிடம் விடுங்கள். அப்புறம் மூன்று முறை படித்துச் சராசரி எடுங்கள். அதுவரை உறையைத் திறக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் சிக்னல் அழியும்.

4. 50 முதல் 500 செ.கிரே (0.5 முதல் 5 கிரே) வரை படிப்படியாகக் கொடுத்து வரைபடம் போடுங்கள். சுமார் 3 கிரேவுக்கு மேல் கோடு மேல்நோக்கி வளையும். அங்கே நேர்கோட்டுக் காரணியைப் போட்டால் டோஸ் கூடுதலாகத் தெரியும்.

ஆற்றல் குறைந்த கே.வி. (கிலோவோல்ட்) எக்ஸ்-ரே பீமுக்கு இதே காரணி ஆகாது. சில்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடு திசுவைவிட அணு எண் கூடிய பொருள், குறைந்த ஆற்றலில் மிகையாகக் காட்டும்.

பிற்சேர்க்கை: "எல்லாச் சில்லும் ஒரே அளவு தள்ளிப் போகிறது" என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படியானால் சில்லில் கோளாறு இல்லை, முதல் படியைப் பாருங்கள். சேம்பருக்குள் உள்ள காற்றின் அடர்த்தி அழுத்தத்தாலும் வெப்பநிலையாலும் மாறும், அதற்கான திருத்தத்துக்கு அவர் வானிலைத் தளத்தின் காற்றழுத்தத்தை எடுத்திருந்தார். அது கடல்மட்டத்துக்கு மாற்றிய எண். அறையிலேயே பாரோமீட்டர் வைத்து அளக்க வேண்டும். கையோடு, சேம்பர் சான்றிதழில் குறிப்பு வெப்பநிலை 20 டிகிரியா 22 டிகிரியா என்றும் பாருங்கள். மாற்றிப் போட்டால் 0.7 சதவீதம் அங்கேயே போய்விடும்.