மச்சத்தைச் சுட்டு எடுக்கும் முன்

தோல் புற்றுநோய் விஷயத்தில் நடக்கிற தவறுகளிலேயே எனக்கு ஆத்திரம் வருவது ஒன்றில்தான். சந்தேகத்துக்குரிய மச்சத்தை அழகுக்காக லேசரிலோ ஆசிடிலோ சுட்டு எடுத்துவிட்டு, விட்டது தொல்லை என்று இருந்துவிடுவது. அது மெலனோமாவாக (நிறமிச் செல்களில் தொடங்கும், சீக்கிரம் பரவக்கூடிய தோல் புற்றுநோய்) இருந்தால் தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் மேற்கொண்டு எல்லாமே: 1 மி.மீ.க்குள் என்றால் சுற்றிலும் 1 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து வெட்டினால் பெரும்பாலும் போதும், 2 மி.மீ. தாண்டினால் 2 செ.மீ. வரை வெட்ட வேண்டும், பக்கத்து நிணநீர்க் கணுவுக்கும் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருக்கிய பிறகு எதை அளப்பது? எடுக்கிற துண்டு எவ்வளவு சின்னதானாலும் பயாப்ஸிக்கு (நுண்ணோக்கியில் பார்க்கும் திசுப் பரிசோதனை) போகட்டும். கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமே கிடையாது.

கறுப்புத் தோலுக்கு மெலனோமா வராது என்று நினைப்பது அடுத்த தவறு. குறைவாக வரும், அவ்வளவுதான். வந்தால் பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் வரும், அதனால்தான் தாமதமாகத் தெரிகிறது. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் வந்ததை முதலில் கால்பந்தில் பட்ட அடி என்றே நினைத்தார்கள். 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36. அடிபட்ட ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும். நகராமல் அடியிலிருந்தே கோடாக நின்று, அகலமாகி, நகத்தை ஒட்டிய தோலிலும் கறுப்பு ஏறினால் உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கறுப்பாக இருந்தால்தான் ஆபத்து என்பதும் தப்பு. பேசல் செல் என்ற இன்னொரு வகைத் தோல் புற்றுநோய் மினுமினுவென்று சின்னப் பரு மாதிரி இருக்கும், ரத்தம் கசியும், பொருக்கு கட்டும், உதிரும், மறுபடி கசியும். வலிக்காது என்பதால் மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டே இருப்பார்கள். பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் வந்தாலும் இதே அலட்சியம்தான், அது ஸ்குவாமஸ் செல் என்ற மற்றொரு வகைத் தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

அப்புறம், புற்றுநோய் என்றாலே கீமோ என்று நினைத்து ஓடி ஒளிவது. பேசல் செல் வகை பெரும்பாலும் ஒரு சின்ன அறுவை சிகிச்சையோடு சரியாகிவிடும். பரவிய மெலனோமாவுக்குக்கூட 2011க்குப் பிறகு வந்த இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்) மருந்துகளால் பலர் வருடக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள்.

ஒருமுறை வந்தவருக்கு வேறு இடத்தில் புதிதாக வரும் வாய்ப்பு அதிகம், எனவே வெட்டி எடுத்தாயிற்று என்று மறுபரிசோதனையை விட்டுவிடாதீர்கள். முதுகையும் தலையையும் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லி, சந்தேகமாக இருப்பதைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.