அழற்சியுற்ற சிறுநீரகத்தில் நெஃப்ரினைச் சாயமேற்றிப் பார்ப்பது எப்படி?

ரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸின் நுண்குழாய்களைப் போடோசைட் செல்கள் விரல் கோத்தாற்போல் சுற்றியிருக்கும். அந்த விரல்களுக்கு நடுவே சுமார் 40 நானோமீட்டர் இடைவெளி. அதை அடைக்கும் சவ்வின் முக்கியப் புரதம்தான் நெஃப்ரின். ஃபின்லாந்தில் குழந்தைகளைத் தாக்கும் ஒரு பிறவி நோயின் மரபணுவைத் தேடிய கார்ல் டிரிக்வாசன் குழு 1998இல் இதைக் கண்டறிந்தது. அழற்சியில் இந்த இணைப்பு குலைந்தால் ரத்தப் புரதமான ஆல்புமின் சிறுநீரில் இறங்கிவிடும். நெஃப்ரைட்டிஸ் (சிறுநீரக அழற்சி) வந்த சுண்டெலியில் அதைப் பார்க்கலாம், வாருங்கள்.

படி 1: ஆன்டிபாடி தேர்வு

அவசரப்படாதீர்கள், பாதி வேலை இங்கேதான். ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டும் புரதம். நெஃப்ரினில் ஒட்டுவது முதல் ஆன்டிபாடி; அதைப் பிடித்து ஒளிர்வது, ஒளிச்சாயம் பூட்டிய இரண்டாம் ஆன்டிபாடி. சுண்டெலிக்கு இந்த நோயை வரவழைக்கப் பெரும்பாலும் முயலிலோ செம்மறியாட்டிலோ தயாரித்த, குளோமெருலஸைத் தாக்கும் ஆன்டிபாடி உள்ள சீரத்தைச் செலுத்துவார்கள். அந்த ஆன்டிபாடி குளோமெருலஸின் அடிச்சவ்வில் ஒட்டிக்கொண்டே இருக்கும். சுண்டெலியின் சொந்த ஆன்டிபாடியும் அதன்மேல் ஏறும். முயல் சீரம் போட்ட சுண்டெலியில், முயல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியை ஊற்றினால், நெஃப்ரின் இல்லாவிட்டாலும் குளோமெருலஸ் கோடு கோடாக மின்னும். நல்ல நெஃப்ரினும் கோடாகத்தான் தெரியும், அதுதான் வில்லங்கம்! அதனால் கினிப்பன்றியில் தயாரித்த நெஃப்ரின் ஆன்டிபாடியை வாங்குங்கள். அதைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி சுண்டெலி, முயல், செம்மறி புரதங்களில் ஒட்டாத வகையா என்று லேபிளைப் பாருங்கள். சிறுநீரகத்தின் சிறுகுழாய்கள் பச்சையில் தாமாகவே ஒளிரும் என்பதால் ஒளிச்சாயத்தின் நிறம் சிவப்பாக இருக்கட்டும்.

படி 2: சாயமேற்றல்

உறைய வைத்த திசுவை 4–5 மைக்ரோமீட்டர் தடிமனில் வெட்டி, குளிர்ந்த அசிட்டோனில் 10 நிமிடம் வைத்து உலர்த்துங்கள். பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக்) கரைசலில் மூன்று முறை கழுவி, ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க 5% கழுதைச் சீரத்தில் ஒரு மணி நேரம். அப்புறம் நெஃப்ரின் ஆன்டிபாடி, 4 டிகிரியில் இரவு முழுக்க. மறுநாள் கழுவிவிட்டு, இரண்டாம் ஆன்டிபாடியை இருட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். கடைசியில் உட்கருவுக்கு டாபி என்ற நீல ஒளிச்சாயம்.

படி 3: கட்டுப்பாட்டு ஸ்லைடு

முதல் ஆன்டிபாடி போடாத ஸ்லைடு ஒன்று கட்டாயம் வேண்டும். அதுவும் நோயுற்ற எலியினுடையதாக இருக்க வேண்டும். ஆரோக்கியமான எலியில் படி 1இல் சொன்ன சிக்கல் தலைகாட்டாது.

படி 4: படத்தைப் படித்தல்

ஆரோக்கியமான திசுவில் நுண்குழாய் ஓரமாகத் தொடர்ச்சியான கோடு தெரியும். நோயில் அது அறுந்து, புள்ளிபுள்ளியாக மங்கும். மங்கியதும் நெஃப்ரின் குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள், போடோசைட்டே உதிர்ந்திருக்கலாம். ஒளிச்சாயம் நேரடியாகப் பூட்டிய டபிள்யூடி1 (போடோசைட் உட்கருவில் இருக்கும் புரதம்) ஆன்டிபாடியைச் சேர்த்து, போடோசைட் உட்கருக்களையும் எண்ணுங்கள். எண்ணிக்கை குறையாமல் கோடு மட்டும் அறுந்திருந்தால், செல் இருக்கிறது, இணைப்புதான் குலைந்திருக்கிறது.