சர்வாதிகாரியைக் கொன்றால் கதை முடியாது

டிஸ்டோபியா கதை, அதாவது ஒடுக்குமுறை ஆளும் கற்பனை உலகத்தின் கதை, எழுத வரும் புதியவர்களின் கைப்பிரதிகளைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். போன வாரம் வந்த ஐந்தில் நான்கு, என் முதல் நாவல் விழுந்த அதே குழியில் விழுந்திருந்தன. ஒற்றுப் பிழைகளை விடுங்கள், அவற்றைத் திருத்த ஆள் உண்டு. நான் சொல்லும் தவறுகள் வேறு.

பக்கத்துக்குப் பத்துப் புதுச் சொற்கள்

ஒன்று போதும்.

எல்லாப் பழியையும் ஒருவன் தலையில் கட்டுவது

என் நாவலில், பிறப்பை வைத்து மக்களை நான்காகப் பிரித்து மணிக்கட்டில் நிறப்பட்டை கட்டியிருப்பார்கள். கடைசி அத்தியாயத்தில் நாயகன் சர்வாதிகாரியைக் கொன்றதும் பட்டைகள் தெருவில் குவியும், எல்லோரும் சமமாகிவிடுவார்கள். மூன்று ஆண்டு உழைப்பு. படித்துப் பார்த்த பெரியவர் ஒருவர், தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர், கேட்டார்: “பட்டை தொலைந்தால் எந்தப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் தம்பி? யார் கையெழுத்துப் போடுவார்?” என்னிடம் பதில் இல்லை. நாவலை மூட்டை கட்டி வைத்தேன்.

பிறகுதான் தென்னாப்பிரிக்காவைப் பற்றித் தேடிப் படித்தேன். 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தின் கீழ் பதிந்தது. சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். நழுவி விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் இல்லை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் வெவ்வேறு இனமாகப் பதிவானதும் உண்டு. பென்சிலைச் செருகிய அதிகாரி மாலையில் வீடு திரும்பி, தன் பிள்ளைக்கு இன்னொரு பென்சிலைச் சீவிக் கொடுத்திருப்பார். எழுத வேண்டியது அவரைத்தான்.

மக்களை இப்படி இனவாரியாகப் பிரித்து வைத்த நிறவெறி ஆட்சியின் சிற்பி என்று சொல்லப்படும் பிரதமர் வெர்வூர்ட், 1966 செப்டம்பரில் நாடாளுமன்றத்துக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்டார். நான் எழுதிய கடைசி அத்தியாயம் அப்படியே நடந்தது. ஆனால் அந்தச் சட்டம் நீங்கியது 1991இல். நடுவில் 25 ஆண்டுகள், பதிவேடுகளை யாரோ தினமும் திறந்து எழுதினார்கள். மலிவான கூலியாட்களும் நல்ல நிலங்களும் யாருக்கோ கிடைத்துக்கொண்டே இருந்தன. அந்த ‘யாரோ’ இல்லாத கைப்பிரதியைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒடுக்கப்பட்டவர்களை அழ மட்டும் வைப்பது

1960 மார்ச் 21 அன்று, அதே தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில் ஊர் மக்கள், கறுப்பினத்தவர் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய பாஸ் என்ற அனுமதிப் புத்தகம் இல்லாமல், கைதாகத் துணிந்து காவல் நிலையத்தின் முன் திரண்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் அதிகாரபூர்வக் கணக்கின்படியே 69 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய இரவு அந்த வீடுகளில் என்ன பேசியிருப்பார்கள், யார் போக வேண்டாம் என்று தடுத்திருப்பார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

சாதியை நீல ரத்தம், பச்சை ரத்தம் என்று மறைப்பது

சாதி என்றே எழுதுங்கள்.