பெரணிக் குருத்தைக் கீரை போலச் சமைக்காதீர்கள்

மே மாதம் பிறந்ததும் ரொறன்ரோவின் காய்கறிக் கடைகளில் சுருண்ட பச்சைக் குருத்துகள் வந்து குவியும். ஃபிடில்ஹெட் என்று எழுதி வைத்திருப்பார்கள். ஆஸ்ட்ரிச் பெரணி (ostrich fern) என்னும் செடியின் இலை விரிவதற்கு முந்தைய நிலை அது. இரண்டு மூன்று வாரங்களில் பருவம் முடிந்துவிடும். கனடாவின் கிழக்கே மிக்மாக், வொலாஸ்டக்வீயிக் ஆகிய பூர்வகுடி மக்கள் ஆற்றங்கரைகளில் நெடுங்காலமாகப் பறித்து உண்டுவரும் உணவு இது. நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் வசந்தம் என்றாலே இந்தக் குருத்துதான். புதிதாக ஒரு கீரையைக் கண்டால் வாங்காமல் வர மனம் வராத நம்மவர்களும் இப்போது இதைச் சமைக்கிறார்கள். சிலர் காட்டோரம் போய்த் தாங்களே பறிக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கீரைக்குப் பழகிய கை இந்தக் குருத்துக்கு உதவாது. நம் சமையலறையின் சில நல்ல பழக்கங்களே இங்கே நோயைக் கொண்டுவந்துவிடும்.

அவற்றில் முதலாவது, சத்துப் போய்விடக் கூடாதென்று பாதி வேக்காட்டில் இறக்குவது. முருங்கைக்கும் பொன்னாங்காணிக்கும் அது பொருந்தும். ஃபிடில்ஹெட்டைப் பச்சையாகவோ அரைகுறையாக வேகவைத்தோ சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பிடிப்பு, தலைவலி எல்லாம் வரும். சாப்பிட்ட அரை மணி நேரத்திலேயே தொடங்கலாம். 12 மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். 1994ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலும் கனடாவின் மேற்குப் பகுதியிலும் உணவகங்களில் இதைச் சாப்பிட்ட பலர் இப்படி நோயுற்றார்கள். பச்சையாகவோ, வெண்ணெயில் லேசாக வதக்கியோ பரிமாறப்பட்ட குருத்துகள்தான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. எந்த நச்சுப்பொருள் இதைச் செய்கிறது என்று அறிவியலாளர்களால் இன்னும் உறுதியாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை. நன்றாக வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் ஆபத்து விலகுகிறது என்பதே கைவசமுள்ள உறுதியான பாடம்.

எவ்வளவு நேரம்? கொதிக்கும் நீரில் 15 நிமிடம், அல்லது நீராவியில் 10 முதல் 12 நிமிடம் என்று கனடாவின் சுகாதாரத் துறை சொல்கிறது. குருத்துகளைப் போட்டதும் கொதி அடங்கிவிடும். அது மீண்டும் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகே நேரத்தை எண்ணுங்கள். குருத்துகள் மூழ்கிப் புரளும் அளவுக்குத் தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும். நிறம் மங்கிவிடுகிறதே என்று வருந்தி இரண்டு நிமிடம் முன்னதாக எடுத்துவிடாதீர்கள்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது, நம் வீடுகளில் மிக இயல்பாக நடக்கக்கூடியது. கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவது பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம். அதில் ரசம் வைப்போம், சொதியில் ஊற்றுவோம், ஒன்றுமில்லாவிட்டால் உப்பும் மிளகுத்தூளும் போட்டுக் குடிப்போம். ஃபிடில்ஹெட் வெந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிடுங்கள். நச்சு அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கக்கூடும். நீராவியில் அவித்தாலும் அடியில் நிற்கும் நீருக்கு இதே விதிதான். இதே காரணத்தால், பச்சைக் குருத்தை நேராகக் குழம்பிலோ பால்கறியிலோ போட்டு அங்கேயே வேகவிடுவதும் தவறு. குழம்பு அரை மணி நேரம் கொதித்தாலும், கொட்டிவிட வேண்டிய நீர் குழம்பாகவே தட்டுக்கு வந்துவிடுகிறது.

வறை செய்வதென்றால், முழுதாக அவித்து வடித்த பிறகே தாளிப்பைத் தொடங்க வேண்டும். கடுகு, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள்; அவித்த குருத்தைப் போட்டு ஈரம் வற்றும்வரை பிரட்டி, தேங்காய்ப்பூ தூவி இறக்கி, தேசிக்காய்ப் புளி விட்டால் போதும். பயற்றங்காயின் கடிபதமும் அஸ்பாரகஸின் மணமும் சேர்ந்த சுவை அது. பூண்டும் வெண்ணெயும் போட்டு வதக்கும் இந்த ஊர் முறையை விட நம் வறையே இதற்குப் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

கழுவுவதில் சோம்பல் கூடாது. சுருளுக்குள் பழுப்பு நிறச் செதில்கள் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்து உதிர்த்து, குளிர்ந்த நீரை மாற்றி மாற்றிப் பல முறை அலசுங்கள். பச்சைக் குருத்தைக் கையாண்ட கை, பலகை, கத்தி எல்லாவற்றையும் கழுவிய பிறகே வேறு காயைத் தொடுங்கள். உறைபெட்டியில் வைப்பவர்கள் இரண்டு நிமிடம் கொதிக்கவைத்து, அந்த நீரைக் கொட்டி, ஆறவைத்துப் பையிலிட்டு வைக்கலாம். ஓர் ஆண்டு வரை இருக்கும். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தைச் சமைத்த கணக்கில் சேர்க்காதீர்கள். வெளியே எடுக்கும் நாளில் முழு 15 நிமிடமும் அவிக்க வேண்டும்.

மலேசியாவிலிருந்து வந்தவர்கள் புச்சுக் பாக்கு (pucuk paku) என்ற வேறொரு பெரணிக் குருத்தைத் தேங்காய்ப்பாலில் சமைத்துப் பழகியிருப்பார்கள். அஸ்ஸாமில் டெக்கியா, குடகில் மழைக்காலத்துத் தெர்மே என்று உண்பதும் அந்தப் பெரணியைத்தான். அது வேறு இனம், அதன் பக்குவமும் வேறு. கொரியாவிலும் ஜப்பானிலும் பிராக்கன் என்ற இன்னொரு பெரணியைச் சாம்பல் நீரிலோ சோடா நீரிலோ ஊறவைத்துக் கசப்பையும் நஞ்சையும் குறைத்துச் சாப்பிடுகிறார்கள். ஓர் ஊரில் ஒரு பெரணிக்குக் கைகண்ட முறையை வேறு ஊரில் வேறு பெரணிக்குச் செய்வது ஆபத்து. “எங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான்” என்ற பேச்சு இங்கே செல்லாது.

பறிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறு, சுருண்டிருப்பதெல்லாம் ஃபிடில்ஹெட் என்று எண்ணுவது. எல்லாப் பெரணிகளும் ஏறக்குறைய இப்படித்தான் சுருண்டு முளைக்கின்றன. ஆஸ்ட்ரிச் பெரணியை அறிய முதலில் தண்டைப் பாருங்கள். மயிரில்லாமல் வழுவழுப்பாக இருக்கும். உட்புறத்தில் செலரித் தண்டில் இருப்பதுபோல் ஆழமான பள்ளம் நீளவாக்கில் ஓடும். சுருளின் மேல் மெல்லிய காகிதம் போன்ற பழுப்புச் செதில்கள் இருக்கும், தேய்த்தால் உதிர்ந்துவிடும். ஒரே அடியிலிருந்து பல குருத்துகள் வட்டமாகக் கிளம்பும். பக்கத்தில் சென்ற ஆண்டின் விறைத்த, கரும்பழுப்பு நிற, வித்துத்தூள் (spore) தாங்கும் இலைகள் குளிர்காலம் தாண்டியும் நின்றுகொண்டிருந்தால் அது இன்னும் நல்ல சான்று. ஒரு குறி மட்டும் பொருந்தினால் போதாது. எல்லாம் சேர்ந்து பொருந்த வேண்டும். வெள்ளைப் பஞ்சோ பழுப்புப் பஞ்சோ போர்த்தியிருந்தால் விட்டுவிடுங்கள். ஒற்றையாக நிலத்திலிருந்து எழும்பி, மூன்றாகக் கிளைத்து, பறவையின் நகம்போல் மடங்கியிருப்பது பிராக்கனாக இருக்கலாம். அதிலுள்ள டாகுயிலோசைடு என்ற பொருள் புற்றுநோயோடு தொடர்புடையது. ஐயம் வந்தால் பறிக்க வேண்டாம். கைபேசிச் செயலி சொல்லும் பெயரை மட்டும் நம்பி எந்தக் காட்டுச் செடியையும் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

விரியத் தொடங்கியதை எடுக்காதீர்கள். இறுகச் சுருண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். பெரணி தன் அடிக்கட்டையில் சேர்த்து வைத்த சத்தைச் செலவழித்துத்தான் இந்தக் குருத்துகளை விடுகிறது. அத்தனையையும் ஒடித்துவிட்டால் அந்த ஆண்டு இலையே இல்லாமல், அடுத்த ஆண்டுக்குச் சேமிக்க வழியற்று நலிந்துபோகும். ஆண்டுதோறும் மொட்டையடித்தால் செத்தேவிடும். ஓர் அடியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நகருங்கள், அதுவும் பருவத்துக்கு ஒரே ஒரு முறை. பை நிறையப் பறித்து வந்து பாதியை வாடவிட்டுக் குப்பையில் போடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இடமும் முக்கியம். ரொறன்ரோ நகரப் பூங்காக்களிலும் ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களிலும் செடிகொடிகளைப் பறிக்கச் சட்டம் இடந்தராது. தனியார் நிலமென்றால் உரியவரின் அனுமதி வேண்டும். இந்தப் பெரணி வெள்ளம் ஏறி வடியும் ஆற்றோரங்களில்தான் செழிக்கிறது. எனவே ஆற்றின் மேற்பக்கம் தொழிற்சாலையோ கழிவுநீர்க் குழாயோ இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மே மாதப் புதர்களில் லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் இருக்கும். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிப் போய், திரும்பியதும் பிள்ளைகளின் உடம்பை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்துவிடுங்கள்.

முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் கொஞ்சமாகச் சாப்பிடட்டும். நன்றாக அவித்தும் வயிறு கலங்கினால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் கைக்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் உடலின் நீர் வற்றிப்போகும் ஆபத்து உண்டு. அவர்களைக் காத்திருக்க வைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அங்கே முதலில் சொல்ல வேண்டியது, பெரணிக் குருத்து சாப்பிட்டோம் என்பதையும், எப்போது, எப்படிச் சமைத்தோம் என்பதையும்தான். மிச்சமிருக்கும் குருத்துகளை எறிந்துவிடாமல் பையோடு எடுத்துப் போனால், அது எந்தப் பெரணி என்று பார்த்துச் சொல்ல அவர்களுக்கு உதவியாக இருக்கும்.