எழுத்து அழிந்த டிரான்சிஸ்டரின் காலைக் கண்டுபிடிக்க ஒரு ஆர்டுயினோ கருவி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய ரேடியோ வாங்கிப் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்திருக்கும். உள்ளே டிரான்சிஸ்டர் இருக்கும், மேலே எழுத்து இருக்காது. புதுசிலும் குழப்பம்தான். தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கும்படி பிடித்தால், பிசி 547-க்கு இடமிருந்து மூன்று காலும் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்ற வரிசை. 2என் 3904-க்கு அப்படியே தலைகீழ். இரண்டும் என்பிஎன் (டிரான்சிஸ்டரின் இரண்டு வகையில் ஒன்று, மற்றது பிஎன்பி), பார்க்கவும் ஒரே மாதிரி.

பேஸைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரே போதும். கலெக்டரையும் எமிட்டரையும் பிரிப்பதில்தான் தடுமாற்றம். அதற்குத்தான் இந்தக் கருவி.

தேவை: ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன போர்டு), பிரெட்போர்டு, ஜம்பர் வயர், 680 ஓம் ரெசிஸ்டர் மூன்று, 470 கிலோ ஓம் மூன்று.

படி 1: வயரிங்

டிரான்சிஸ்டரைப் போர்டிலிருந்து கழற்றி, மூன்று காலையும் பிரெட்போர்டில் தனித்தனி வரிசையில் செருகுங்கள். எந்தக் கால் எங்கே என்ற கவலை வேண்டாம். முதல் காலுக்கு ஏ0 (வோல்ட்டை அளக்கும் பின்) நேரடியாக, 4-ம் பின் 680 ஓம் வழியாக, 5-ம் பின் 470 கிலோ ஓம் வழியாக. இரண்டாவதற்கு இதே வரிசையில் ஏ1, 6, 7. மூன்றாவதற்கு ஏ2, 8, 9.

படி 2: பேஸும் வகையும்

முதலில் எல்லாப் பின்னும் இன்புட். பிறகு ஒரு காலுக்கு 680 ஓம் வழியாக 5 வோல்ட், இன்னொரு காலின் ஏ பின்னை லோ (0 வோல்ட்) ஆக்குங்கள். மூன்றாவது சும்மா இருக்கட்டும். 5 வோல்ட் கொடுத்த காலின் ஏ பின்னைப் படியுங்கள் (0 வோல்ட் என்றால் 0, 5 வோல்ட் என்றால் 1023). 1023-ஐ ஒட்டி வந்தால் கரண்ட் போகவில்லை. 300-க்குக் கீழே வந்தால் போகிறது. இப்படி ஆறு சோதனை. இரண்டில் மட்டும் கரண்ட் போகும், அந்த இரண்டிலும் பொதுவாக உள்ள கால்தான் பேஸ். பேஸிலிருந்து வெளியே போனால் என்பிஎன், பேஸுக்குள் வந்தால் பிஎன்பி. கணக்கு இரண்டில் நிற்காவிட்டால் சரக்கு பழுது, அல்லது அது இந்த வகை டிரான்சிஸ்டரே இல்லை.

எச்சரிக்கை: இரண்டு ஏ பின்களில் ஒன்றை ஹை, மற்றதை லோ என்று ஒரே நேரத்தில் வைக்கவே கூடாது. நடுவில் ரெசிஸ்டர் இல்லாததால் ஆர்டுயினோவின் பின் போய்விடும்.

படி 3: கலெக்டரா, எமிட்டரா?

என்பிஎன் என்றால் மீதமுள்ள இரண்டில் ஒன்றைக் கலெக்டர் என்று வைத்துக்கொண்டு 680 ஓம் வழியாக 5 வோல்ட் கொடுங்கள். மற்றதன் ஏ பின் லோ. பேஸுக்கு 470 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட். பேஸில் ஓடுவது சுமார் 9 மைக்ரோ ஆம்பியர்தான். கெயின் (பேஸ் கரண்ட்டைப் பெருக்கும் மடங்கு) 200 உள்ள டிரான்சிஸ்டரில் கலெக்டர் கரண்ட் 1.8 மில்லி ஆம்பியர், ரெசிஸ்டரில் 1.2 வோல்ட் விழும், கலெக்டர் காலின் ஏ பின்னில் அளவு 770-க்கு இறங்கும். காலை மாற்றி இதையே செய்தால் பெரும்பாலும் 1023-லிருந்து கொஞ்சம்தான் அசையும். எந்தப் பக்கம் அதிகம் இறங்கியதோ அதுவே சரி. பிஎன்பிக்கு ஹையும் லோவும் இடம் மாறும், அளவும் இறங்காமல் 0-விலிருந்து ஏறும்; அதிகம் ஏறிய பக்கமே சரி.

படி 4: ஜெர்மானியம்

ஏசி 128 போன்ற பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் பேஸைத் தொடாமலேயே கரண்ட் கசியும். முதலில் பேஸ் இல்லாமல் ஒரு அளவு எடுத்து அதைக் கழித்துவிடுங்கள். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும் என்பதால், நம்மூர்ச் சித்திரை வெயிலில் கையில் பிடித்துக்கொண்டே சோதிக்க வேண்டாம்.

முடிவைக் கம்ப்யூட்டரின் சீரியல் மானிட்டரில் காட்டச் சொல்லிவிட்டு, ஒரு எஸ்எல் 100 டிரான்சிஸ்டரைச் செருகிச் சரிபாருங்கள். அதன் உலோக மூடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாக்கு எமிட்டர் பக்கம், மூடியே கலெக்டர்.